தொழில் மாற்றத்துக்கு மாணவரை ஆயத்தப்படுத்தும் உயர் தொழிற்கல்விப் படிப்பை அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பாலிடெக்னிக் பட்டயம், தொழிற்கல்விப் பட்டம், உயர்நிலைத் தொழிற்பயிற்சி என எந்தப் பெயரில் நடந்தாலும், ஒரு தொழிலுக்கென மாணவரை உருவாக்கும் படிப்பைப் புதிதாக அமைக்கவோ திருத்தவோ பொறுப்பேற்றுள்ள துறைத்தலைவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான வழிகாட்டி இது. இப்படிப்புகளை முடிப்பவர்களில் பலர் தம் உழைக்கும் காலத்துக்குள்ளேயே கருவி மாறுவதையும், பணி மாறுவதையும், சில வேளைகளில் துறையே மாறுவதையும் எதிர்கொள்வார்கள். இதைப் பாடத்திட்டக் குழுக்கள் ஒப்புக்கொள்கின்றன. அதற்காகப் படிப்பில் எதை, எந்த வரிசையில் செய்வது என்று வரும்போதுதான் தடுமாறுகின்றன.

அடிக்கடி நடப்பது இதுதான்: பழைய பாடத்திட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கடைசிப் பருவத்தில் தகவல்தொடர்பு, தொழில்முனைவு, எதிர்காலத் திறன்கள் என்று ஒன்றிரண்டு தாள்களைச் சேர்த்துவிடுவார்கள். இதனால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. ஒரு திறன் எந்த வேலையோடு சேர்த்துக் கற்கப்பட்டதோ அந்த வேலையோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. எந்த வேலையோடும் சேராமல் பொதுவாகக் கற்பிக்கப்பட்டது எதிலும் ஒட்டுவதில்லை. ஆகவே முதலில் ஒரு தொழிலை ஆழமாகக் கற்பது, அடுத்து அதே சிந்தனையை வேறொரு சூழலில் செய்து பார்ப்பது, அதன் பின் தான் கற்றதைப் பிறர் புரிந்துகொள்ளும் சொற்களில் மாணவரே எடுத்துரைப்பது என்ற வரிசையில்தான் கீழுள்ள படிகள் அமைந்துள்ளன.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது தேவை அதிகாரம். பாடவேளைகளை இடம் மாற்றவும், சில பாடங்களைக் குறைக்கவும், தேர்வு முறையைத் திருத்தவும் உங்களுக்கு எந்த அளவுக்கு அனுமதி உண்டு என்பதைப் பல்கலைக்கழகத்திடமோ ஒழுங்குமுறை அமைப்பிடமோ எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அனுமதியின் எல்லை தெரியாமல் பல மாதங்கள் வேலை செய்துவிட்டு, தேர்வு விதியை மாற்ற முடியாது என்று பின்னர் அறியும் குழு சோர்ந்து கலைந்துவிடும். தேர்வு விதி மாறவே மாறாது என்றால், செய்முறை வகுப்புகளுக்கும் அகமதிப்பீட்டுக்கும் உள்ள இடத்தை வைத்தே கீழுள்ள படிகளில் பெரும்பகுதியை நிறைவேற்றலாம்.

இரண்டாவது தேவை, அத்தொழிலில் இப்போது வேலை செய்துகொண்டிருப்பவர்களின் நேரம். மூன்றாவது தேவை, முன்பு படித்து வெளியேறியவர்களின் தொடர்பு விவரப் பட்டியல். இந்தப் பட்டியல் இல்லாத கல்லூரிகள் அதைத் தொகுப்பதையே முதல் வேலையாக வைத்துக்கொள்வது நல்லது. தொழில் மாறியவர்கள் எங்கிருந்து எங்கே சென்றார்கள் என்பதை அவர்களைத் தவிர வேறு யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

1. எந்த மாற்றத்துக்கான ஆயத்தம் என்று வரையறுத்தல்

தொழில் மாற்றம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறுபட்ட நிலைமைகள் உள்ளன. முதல் வகையில் வேலை அதுவே. கருவியும் முறையும் மாறுகின்றன. இரண்டாவது வகையில் மின் பராமரிப்பிலிருந்து தானியங்கிக் கட்டுப்பாட்டுக்குச் செல்வதுபோல, பக்கத்திலுள்ள வேலைக்கு ஒருவர் நகர்கிறார். மூன்றாவது வகையில் பழைய வேலையோடு வெளிப்படையான தொடர்பு எதுவும் இல்லாத துறைக்கு ஒருவர் செல்கிறார்.

மூன்றுக்கும் தேவைப்படும் ஆயத்தம் வேறு வேறு. கருவி மாற்றத்துக்கு, அடிப்படைக் கோட்பாட்டைத் தெளிவாக அறிந்திருப்பதும் புதிய கையேட்டைத் தானே படித்துப் பழகுவதும் வேண்டும். பக்கத்து வேலைக்கு, இரண்டு வேலைகளுக்கும் பொதுவான பணிகள் எவை என்ற தெளிவு வேண்டும். துறை மாற்றத்துக்கு, தன்னைப் பற்றிய தெளிவும், மறுபடி கற்கும் துணிவும், ஏற்கெனவே கற்றதற்கு அங்கீகாரம் பெறும் வழியும் வேண்டும்.

உங்கள் படிப்பு இவற்றுள் எதை முதன்மையாகக் கருதுகிறது என்பதை ஒரு பத்தியில் எழுதிக் குழுவினர் அனைவரிடமும் ஒப்புதல் பெறுங்கள். என் கருத்தில், இரண்டு அல்லது மூன்று ஆண்டுப் படிப்பு முதல் இரண்டு வகைகளை முழுமையாக ஏற்றுக்கொண்டு, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் இடுவதே நேர்மையான இலக்கு. எல்லா மாற்றங்களுக்கும் ஆயத்தப்படுத்துகிறோம் என்று எழுதும் குழு, பிற்பாடு எந்தப் பாடத்தைக் குறைப்பது என்ற கேள்வி வரும்போது முடிவெடுக்க முடியாமல் திணறும்.

2. வேலை செய்பவர்களைக் கொண்டு வேலையைப் பிரித்தெழுதுதல்

பாடத்திட்டத்தைத் திருத்த அமரும் ஆசிரியர்கள் வழக்கமாகப் பழைய பாடத்திட்டத்தையே முதலில் கையில் எடுக்கிறார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு வேலையிலிருந்து தொடங்குங்கள். இதற்குப் பல நாடுகளில் கையாளப்படும் முறை ‘டேக்கம்’ எனப்படுவது: அத்தொழிலில் தேர்ந்த 5 முதல் 12 பணியாளர்களை, வழக்கமாக இரண்டு நாட்கள், ஒரு நெறியாளரின் துணையோடு அமரவைத்து, அவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதைக் கடமைகளாகவும், ஒவ்வொரு கடமையையும் தனித்தனிப் பணிகளாகவும் பிரித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டே போவது. ஒரு வேலையை அதைச் செய்பவரே எல்லோரையும்விடச் சரியாக விவரிப்பார் என்பதே இம்முறையின் அடிப்படை.

பணி என்று எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு வினையோடு இருக்க வேண்டும். அதற்குத் தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டும். முடிவில் ஒரு பொருளோ, சேவையோ, தீர்மானமோ கிடைக்க வேண்டும். “மோட்டார்களைப் பற்றி அறிந்திருத்தல்” என்பது பணி ஆகாது. “ஓடாத மோட்டாரின் கோளாற்றைக் கண்டறிதல்” என்பது பணி. இந்த வேறுபாட்டை முதல் ஒரு மணி நேரத்தில் பிடிவாதமாகக் காப்பாற்றினால், மிச்ச நேரத்தில் குழுவே அதைக் காப்பாற்றிக்கொள்ளும்.

புதிதாக இதை நடத்துவோர் சறுக்கும் இடங்கள் சில உண்டு. மேலாளர்களை அதிகமாக அழைத்தால், நடக்கும் வேலைக்குப் பதிலாக நடக்க வேண்டிய வேலை பட்டியலாகும். ஆசிரியர்களைக் குழு உறுப்பினராக அமர்த்தினால் பாடத் தலைப்புகள் பணிகளின் உடையில் நுழைந்துவிடும். அவர்கள் பார்வையாளராக அமர்ந்து குறிப்பெடுப்பது போதும். ஒரே நிறுவனத்திலிருந்து எல்லோரையும் அழைத்தால் அந்த நிறுவனத்தின் பழக்கமே தொழிலின் இலக்கணமாகிவிடும்.

இந்தக் கூட்டத்தில் நீங்கள் கூடுதலாகச் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. பட்டியல் முடிந்ததும் பணியாளர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: அண்மைக் காலத்தில் நின்றுபோன பணிகள் எவை, புதிதாக வந்தவை எவை, கருவி மாறினாலும் மாறாமல் நிற்பவை எவை. மூன்றாவது கேள்விக்கு வரும் விடைகளே படிப்பின் முதுகெலும்பு. நின்றுபோன பணிகளைப் பற்றிய விடைகளும் அதே அளவு மதிப்புடையவை, ஏனெனில் பாடவேளைகளைக் குறைப்பதற்கான சான்று அங்கிருந்துதான் வருகிறது.

பட்டியலை அத்தோடு இறுதியாக்கிவிடாதீர்கள். கூட்டத்துக்கு வராத பணியாளர்களிடம் அதை அனுப்பி, ஒவ்வொரு பணியும் எவ்வளவு முக்கியம், கற்க எவ்வளவு கடினம், எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்று மதிப்பிடச் சொல்லுங்கள். அடிக்கடி நிகழும் எளிய பணியை வேலையிடத்திலேயே சில நாட்களில் கற்றுக்கொள்ளலாம். எப்போதாவது நிகழ்ந்தாலும் தவறினால் ஆபத்து விளைவிக்கும் கடினமான பணிக்குத்தான் கல்லூரியின் நேரம் செல்ல வேண்டும்.

3. பணிகளை அண்டைத் தொழில்களோடு ஒப்பிடுதல்

சரிபார்த்த பட்டியல் கிடைத்ததும், உங்கள் தொழிலுக்கு அருகிலுள்ள மூன்று அல்லது நான்கு தொழில்களைத் தேர்ந்தெடுங்கள். இங்கே ஊகத்தை நம்ப வேண்டாம். முன்னாள் மாணவர்கள் உண்மையில் எங்கே நகர்ந்தார்கள் என்பது முதல் சான்று. அதோடு இலவசமாகக் கிடைக்கும் வகைப்பாடுகளைப் பயன்படுத்துங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் ஐஎஸ்சிஓ-08 வகைப்பாடு தொழில்களை 436 அடிப்படைக் குழுக்களாகப் பிரிக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் தரவுத்தளம் ஒவ்வொரு தொழிலுக்கும் பணிகளையும் திறன்களையும் தொடர்புடைய பிற தொழில்களையும் தருகிறது.

ஐரோப்பிய ஆணையத்தின் எஸ்கோ வகைப்பாடு இந்தப் படிக்கு மிகவும் பொருந்துவது. காரணம், அது திறன்களை எங்கெல்லாம் மறுபடி பயன்படுத்தலாம் என்பதன்படி நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது: எல்லாத் தொழில்களுக்கும் பொதுவானவை, பல துறைகளில் பயன்படுபவை, ஒரு துறைக்குள் பயன்படுபவை, ஒரே தொழிலுக்கு உரியவை. உங்கள் பணிப்பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் இந்த நான்கில் ஒன்றைக் குறியுங்கள்.

குறித்து முடித்ததும் ஒரு தவறான முடிவுக்கு ஈர்க்கப்படுவீர்கள். பல துறைகளில் பயன்படுபவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரே தொழிலுக்கு உரியவற்றை வெட்டிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் மாணவருக்கு முதல் வேலையே கிடைக்காது. முதல் வேலை கிடைக்காதவருக்குத் தொழில் மாற்றம் என்ற பேச்சே எழாது. தொழிலுக்கே உரிய பணிகள் வாசலைத் திறக்கின்றன. பல துறைகளுக்கு உரியவை அங்கிருந்து நகர உதவுகின்றன. இரண்டும் இருக்க வேண்டும். நீங்கள் வெட்ட வேண்டியது நின்றுபோன பணிகளையும், வேலையிடத்தில் எளிதாகக் கற்கக்கூடியவற்றையும்தான்.

4. பருவங்களின் வரிசையை அமைத்தல்

முதல் ஆண்டு ஒரே தொழிலின் ஒரே சூழலுக்குள் நிற்கட்டும். தொடக்கத்திலேயே பல துறைகளை அறிமுகப்படுத்தும் படிப்புகள் பரந்த பார்வை தருவதாகத் தோன்றினாலும், மாணவரிடம் ஒப்பிடுவதற்குரிய திடமான அறிவு எதுவும் இல்லாத நிலையில் ஒப்பீடு வெறும் குழப்பமாகவே முடிகிறது.

இரண்டாவது சூழல் நடுப்பகுதியில் வர வேண்டும். இறுதிப் பருவத்துக்குத் தள்ளினால் வேலைவாய்ப்பு நேர்காணல்களும் இறுதித் திட்டப்பணியும் அதை விழுங்கிவிடும். பணியிடப் பயிற்சி இரண்டாவது சூழலுக்குப் பிறகு வந்தால், மாணவர் வேலையிடத்தை ஒப்பிடும் கண்ணோடு பார்ப்பார். பயிற்சியிலிருந்து திரும்பிய பின் குறைந்தது சில வாரங்களாவது கல்லூரியில் இருக்கும்படி வரிசையை வையுங்கள். அங்கே கண்டதைப் பேசித் தெளிய அந்த வாரங்கள் வேண்டும். பயிற்சியோடே படிப்பை முடித்துவிடும் அட்டவணையில் அந்த வாய்ப்பு முற்றிலும் இழக்கப்படுகிறது.

5. ஒரே சிந்தனையை இரண்டு சூழல்களில் கற்பித்தல்

மற்ற படிகள் எல்லாம் இந்தப் படிக்காகவே. ஆகவே ஒரு பணியை எடுத்துக்கொண்டு முழுமையாகப் பார்க்கலாம்: மின் பராமரிப்புப் பட்டயத்தில் வரும் “ஓடாத மோட்டாரின் கோளாற்றைக் கண்டறிதல்”.

பணிமனையில், மோட்டாரை மின்வழங்கலோடு நேரடியாக இணைத்து ஓடவைக்கும் எளிய நேரடித் தொடக்கி ஒன்று இருக்கிறது. கட்டுப்பாட்டு மின்சுற்று ஃபியூஸில் தொடங்கி, மிகை மின்னோட்டத்தின்போது சுற்றைத் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயின் மூடிய தொடர்பு, நிறுத்தும் பொத்தான், தொடக்கப் பொத்தான் வழியாக, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்தச் சுவிட்சான கான்டாக்டரின் சுருளுக்குச் செல்கிறது. தொடக்கப் பொத்தானை அழுத்தினாலும் கான்டாக்டர் இழுத்து மூடவில்லை. புதிய மாணவர்கள் இரண்டு வகையாக நடந்துகொள்வார்கள். ஒருவர் கான்டாக்டரையே கழற்றி வேறொன்றை மாட்டுவார். மற்றொருவர் ஃபியூஸிலிருந்து தொடங்கி ஒவ்வொரு முனையாக அளந்துகொண்டே போவார்.

நீங்கள் கற்பிக்க வேண்டியது நடுவில் அளப்பது. தகுந்த பாதுகாப்புக் கருவிகளோடும் பயிற்றுநரின் நேரடிக் கண்காணிப்பிலும், நிறுத்தும் பொத்தானைத் தாண்டிய முனையில் மின்னழுத்தம் வருகிறதா என்று மாணவர் பார்க்கிறார். வந்தால் அதற்கு முன்னுள்ள ஃபியூஸ், ரிலே தொடர்பு, நிறுத்தும் பொத்தான் ஆகிய மூன்றும் ஒரே அளவீட்டில் விலகிவிடுகின்றன. பொத்தானை அழுத்திய நிலையில் சுருளின் இரு முனைகளுக்கிடையே உரிய மின்னழுத்தம் இருந்தும் கான்டாக்டர் இழுக்கவில்லை என்றால், மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, மின்னழுத்தம் இல்லை என்று உறுதிசெய்த பின் சுருளின் மின்தடையை அளக்கிறார். சுருள் அறுந்திருந்தால் அது அங்கே தெரிந்துவிடும்.

இந்தப் பணியை மாணவர் தடுமாறாமல் செய்யும்வரை இதே சூழலில் நிறுத்துங்கள். அளக்கும் முன் எந்த இடத்தில் அளக்கப் போகிறார், என்ன எதிர்பார்க்கிறார், ஏன் என்று வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். சொல்லாமல் செய்பவரின் கை பழகும்; அந்தப் பழக்கம் அந்த மேசையோடு நின்றுவிடும்.

அடுத்து, வேறொரு நாளில், காற்றழுத்த மேசைக்கு அழைத்துச் செல்லுங்கள். காற்றழுத்தி (கம்ப்ரசர்), வடிகட்டியும் அழுத்தச் சீராக்கியும் கொண்ட அலகு, திசை மாற்றும் வால்வு, ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு, சிலிண்டர் என்று ஒரு வரிசை. சிலிண்டர் நகரவில்லை. பெரும்பாலான மாணவர்கள் மீண்டும் ஒரு முனையிலிருந்து தொடங்குவார்கள் அல்லது கண்ணில் முதலில் படும் வால்வை மாற்ற நினைப்பார்கள். மின்சுற்றில் அத்தனை நேர்த்தியாக நடுவில் அளந்த அதே மாணவர்தான் இவர். திறமைக்குறைவு இதற்குக் காரணமாகாது. உருவத்தில் வேறுபட்ட ஒரு சிக்கலைக் காணும்போது, முன்பு கற்ற தீர்வு தானாக நினைவுக்கு வராது என்பதே காரணம்.

கிக், ஹோலியோக் என்ற இரு உளவியலாளர்கள் 1980-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு கதையில் தீர்வைப் படித்தவர்களுள் குறைந்த பங்கினரே அதே அமைப்புள்ள வேறொரு சிக்கலுக்கு அதைத் தாமாகப் பயன்படுத்தினார்கள். முன்பு படித்த கதை உதவும் என்ற குறிப்பு கிடைத்ததும் பெரும்பாலோர் தீர்த்துவிட்டார்கள். 1983-ல் அவர்கள் வெளியிட்ட தொடராய்வில், இரண்டு கதைகளை ஒப்பிட்டுப் பொதுவானதைச் சொல்லப் பணிக்கப்பட்டவர்கள் புதிய சிக்கலுக்குத் தீர்வை எடுத்துச் செல்வதில் மேம்பட்டிருந்தார்கள். படிப்பை வடிவமைப்பவருக்கு இதில் நேரடியான செய்தி உண்டு: இரண்டு சூழல்களைக் காட்டுவது மட்டும் போதாது, ஒப்பிடும் வேலையை மாணவரே செய்ய வேண்டும்.

ஆகவே காற்றழுத்த மேசையின் வேலை முடிந்ததும் அவர்களை எழுத வையுங்கள். இரண்டு இடங்களிலும் முதல் அளவீட்டை எங்கே எடுத்திருக்க வேண்டும், அந்த இடம் எதைப் பாதியாகப் பிரிக்கிறது, இரண்டு மேசைகளுக்கும் பொருந்தும்படி இந்த முறையை எப்படி எழுதுவீர்கள் என்று கேளுங்கள். மாணவர் தம் சொற்களில் எழுதும் அந்த ஒன்றிரண்டு வரிகளை நீங்கள் திருத்தலாம். நீங்களே கரும்பலகையில் எழுதிப்போட வேண்டாம். நீங்கள் எழுதினால் அது இன்னொரு மனப்பாட வரியாகிவிடும்.

மூன்றாவது சூழலை எந்த முன்குறிப்பும் இல்லாமல் கொடுங்கள். உணரியின் அளவு திரையில் வரவில்லை. இடையில் கம்பி, உள்ளீட்டுத் தொகுதி, பிணைய இணைப்பு, சேவையகம் எல்லாம் உள்ளன. இங்கே மாணவர் நடுவிலிருந்து தொடங்கினால், அவர் கற்றது மோட்டாரை விட்டு நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். தொடங்கவில்லையென்றால் “இதற்கு முன் இதுபோல் எங்கே செய்தீர்கள்?” என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாப் பணிகளுக்கும் இப்படிச் செய்ய நேரம் போதாது. மூன்றாம் படியில் பல துறைகளுக்கு உரியவை என்று குறித்தவற்றுள் நான்கைந்தைத் தேர்ந்தெடுங்கள். கோளாறு கண்டறிதல், அளவீட்டின் நம்பகத்தன்மையைச் சோதித்தல், வேலைக்கு முன் ஆபத்துகளை மதிப்பிடுதல், பணியை அடுத்தவரிடம் ஒப்படைத்தல், அறிமுகமில்லாத கையேட்டிலிருந்து ஒரு கருவியை இயக்கக் கற்றல் ஆகியவை பல தொழில்நுட்பப் படிப்புகளுக்குப் பொருந்தும். செவிலியம், கணக்கியல், விருந்தோம்பல் போன்ற படிப்புகளில் பட்டியல் மாறும். செய்யும் விதம் மாறாது.

6. மதிப்பீட்டை மாற்றுதல்

செய்முறைத் தேர்வில் மாணவர் பயிற்சி பெற்ற அதே மேசை, அதே கோளாறு வருமானால், ஐந்தாம் படியின் உழைப்பை மாணவர்களே புறக்கணிப்பார்கள். தேர்வு எதைக் கேட்கிறதோ அதுதான் படிக்கப்படும். மதிப்பெண்களில் ஒரு பகுதியையாவது, முன்பு காணாத சூழலில் பழகிய பணியைச் செய்வதற்கு ஒதுக்குங்கள்.

அந்தப் பகுதியில் விடை சரியா என்பதோடு வழியும் மதிப்பிடப்பட வேண்டும். எங்கே முதலில் பார்த்தார், முடிவைக் கண்டு அடுத்த அடியை எப்படி மாற்றினார், தெரியாததை எங்கே தேடினார் என்பவற்றுக்குத் தனித்தனி அளவுகோல் எழுதுங்கள். இரண்டு பயிற்றுநர்கள் ஒரே மாணவரைத் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிட்டுப் பார்த்தால், அளவுகோலின் எந்த வரி தெளிவில்லாமல் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இதைத் தேர்வுக்கு முன்பே செய்துவிடுங்கள்.

பாதுகாப்பு விதிகளில் மட்டும் சலுகை வேண்டாம். புதிய சூழல் என்பதற்காக மின்சாரத்தைத் துண்டிக்காமல் கைவைத்த மாணவருக்கு, கோளாற்றைக் கண்டுபிடித்திருந்தாலும், அந்தப் பகுதியில் தேர்ச்சி தரக்கூடாது.

7. பணியிடப் பயிற்சியைப் பயனுள்ளதாக்குதல்

பயிற்சிக்கு அனுப்பும் முன் நிறுவனத்தின் பொறுப்பாளரோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். மாணவர் எந்தப் பணிகளைப் பார்ப்பார், எவற்றைக் கண்காணிப்பில் செய்வார், யாரிடம் கேள்வி கேட்கலாம் என்பவை அதில் இருந்தால் போதும். இது இல்லாத இடங்களில் மாணவர் ஒரே எளிய வேலையைப் பயிற்சிக்காலம் முழுவதும் செய்துவிட்டு வருவதுண்டு.

மாணவரிடம் நாட்குறிப்பு கேட்கும்போது, அன்று என்ன செய்தோம் என்ற வரிசையைக் கேட்காதீர்கள். அதைப் பார்த்து எழுதிவிடலாம். கல்லூரியில் கற்ற முறைக்கும் இங்கே செய்யும் முறைக்கும் உள்ள ஒரு வேறுபாட்டையும், அதற்கான காரணத்தைப் பணியாளர் ஒருவரிடம் கேட்டறிந்த விளக்கத்தையும் வாரம் ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். வேலையிடத்தில் கேள்வி கேட்கும் பழக்கத்தை வளர்க்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. பிற்காலத்தில் புதிய துறைக்குள் நுழைபவருக்கு மிகுதியாக வேண்டியிருப்பதும் அந்தப் பழக்கமே.

8. கற்றதைப் பிறருக்குப் புரியும்படி எடுத்துரைத்தல்

தொழில் மாறுபவர் சந்திக்கும் முதல் தடை, தாம் செய்ததை அடுத்த துறையினருக்குப் புரியும் சொற்களில் சொல்லத் தெரியாமை. “நேரடித் தொடக்கிகளில் வேலை செய்தேன்” என்று ஒருவர் சொன்னால் மென்பொருள் உதவி மையத்தின் மேலாளருக்கு அதில் ஒன்றும் புரியாது. “பல பகுதிகள் கொண்ட அமைப்பில் கோளாறு எங்கே என்பதைக் குறைந்த அளவீடுகளில் கண்டறிந்து, சரிசெய்ததைப் பதிவு செய்தேன், இதோ பதிவு” என்றால் புரியும்.

இதற்காகப் பணித்தொகுப்பு ஒன்றை இரண்டாவது பருவத்திலேயே தொடங்குங்கள். ஒவ்வொரு பதிவிலும் சிக்கல் என்ன, தான் எடுத்த முடிவு என்ன, அதற்குரிய காரணம், கிடைத்த விளைவு, இதே முறை பயன்படக்கூடிய வேறொரு வேலை ஆகியவை இருக்கட்டும். புகைப்படங்களை அடுக்குவதை மட்டும் ஊக்குவிக்காதீர்கள். முடிந்த பொருளின் படம் மாணவர் எடுத்த முடிவைக் காட்டாது. நிறுவனத்தின் இரகசியத் தகவல்களும் பிறருடைய பெயர்களும் தொகுப்பில் வரக்கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தொழில் வழிகாட்டல் உரையாடல்களை இந்தத் தொகுப்பை வைத்தே நடத்துங்கள். சாவிக்காஸ் என்ற உளவியலாளர் தொழில் வாழ்க்கைக்குரிய தகவமைப்புத் திறனை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார்: எதிர்காலத்தைப் பற்றிய அக்கறை, முடிவு தன் கையில் என்ற பொறுப்பு, வாய்ப்புகளைத் தேடும் ஆர்வம், முயன்றால் முடியும் என்ற நம்பிக்கை. ஒரு மாணவரோடு பேசும்போது இந்த நான்கில் எது குறைகிறது என்று பார்த்தால், அடுத்து என்ன செய்வது என்று தெரியும். ஆர்வம் குறைந்தவரை அண்டைத் தொழிலில் இருக்கும் முன்னாள் மாணவரிடம் பேச வைக்கலாம். நம்பிக்கை குறைந்தவருக்கு அறிவுரையால் பயனில்லை. மூன்றாவது சூழலில் ஒரு சிறு பணியை முடிக்கும் வாய்ப்பைத்தான் தர வேண்டும்.

9. திரும்பி வருவோருக்கு வழி வைத்தல்

தொழில் மாற்றம் வேலைக்குச் சென்ற பல ஆண்டுகளுக்குப் பிறகே பெரும்பாலும் நிகழ்கிறது. அப்போது அவர் முழுப் படிப்பையும் மறுபடி படிக்க முடியாது. ஆகவே இரண்டாம் படியின் கடமைகளை அடிப்படையாகக் கொண்டு படிப்பைத் தனித்தனியே சேரக்கூடிய அலகுகளாகப் பிரித்து வையுங்கள். முதல் முறை படிக்கும் மாணவருக்கு அவை தொடர்ச்சியான படிப்பு. திரும்பி வருபவருக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும் வாய்ப்பு.

வேலையில் கற்றதை அங்கீகரிக்கும் முறையும் இதோடு வேண்டும். அனுபவ ஆண்டுகளை எண்ணி விலக்கு அளிப்பது எளிது; ஆனால் ஒரே ஆண்டின் வேலையைப் பலமுறை திரும்பச் செய்தவரையும் தொடர்ந்து கற்றவரையும் அது வேறுபடுத்தாது. அந்த அலகின் செய்முறை மதிப்பீட்டையே அவருக்கும் வைத்து, தேறினால் விலக்கு அளியுங்கள்.

10. தொடர்ந்து சரிபார்த்தல்

படித்து முடித்தவர்களிடம் முதல் வேலை கிடைத்ததா என்று மட்டும் கேட்டால், இந்த முயற்சி பயன் தந்ததா என்று தெரியாது. ஓராண்டு கழித்தும், மூன்று ஆண்டுகள் கழித்தும் கேளுங்கள்: உங்கள் வேலையில் என்ன மாறியது, அந்த மாற்றத்தை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள், படிப்பில் எது அதற்கு உதவியது, எது இல்லாமல் தவித்தீர்கள். கேள்விகளை இந்த அளவுக்குச் சுருக்கினால்தான் பதில் வரும்.

வரும் விடைகளை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை பணிப்பட்டியலைப் பாருங்கள். பணியாளர்கள் குழுவை மீண்டும் கூட்டுவது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இருந்தால் போதும், கருவிகள் விரைந்து மாறும் துறைகளில் அதற்கும் முன்பாக. ஆண்டுதோறும் எல்லாவற்றையும் மாற்றினால் ஆசிரியர்கள் எந்தப் பாடத்தையும் செம்மையாக நடத்தும் நிலைக்கு வரமாட்டார்கள். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் ஒரு பணியைச் சேர்த்தால் எதை எடுக்கிறோம் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள். எடுக்கப்பட்டதற்கான காரணத்தைப் பதிவு செய்யாவிட்டால், அடுத்த குழு அதையே புதிய தேவை என்று கருதி மறுபடி சேர்த்துவிடும்.